ஆறு மணிப் பூசைக்கு முன்னாடி எழுப்பணும்

— மெதுவா பேசுடா தவ்ஃபீக். அம்மா பக்கத்துலயே படுத்துகினு கீறாங்க.

— நான் எங்க பேசுனேன் சாரா? நீ தான் போன எடுத்ததுலேர்ந்து "செத்துட்ச்சி, செத்துட்ச்சி"ன்னு அழுதுகினு கீற. புளியந்தோப்பே எழுந்துக்கிச்சி. யாரு மவுத்தானாங்கன்னு எங்க மஜீது மாமா சட்டைய மாட்டிகினு கெளம்பிட்டாரு.

— லேப்டாப்புடா!

— மாமா, லேப்டாப்பாம். நீங்க படுங்க. இன்னாது? ஆமா மாமா, இந்நேரத்துக்கு தான். படுங்க. ...ம், சொல்லு. இன்னா ஆச்சி?

— தொறந்து வெச்சிட்டு சாப்புட போனேன். வந்து பாத்தா கறுப்பு. பட்டன அமுக்குனா முழிச்சிக்குது. பேருங்க எல்லாம் ரெண்டே செகண்டு தெரியுது. அப்பால பொட்டுனு போய்டுது. திருப்பி அமுக்குனா திருப்பி முழிக்குது, திருப்பி பொட்டு.

— கேஸு சிம்பிள். தூங்கி எழுந்துக்கும்போது மண்டைய போடுது. கடைல இந்த மாரி தெனம் ரெண்டு வரும். இன்னா பேருங்க?

— செத்தவங்க பேருங்க.

— ...இன்னா?

— நாளிக்கு கல்லறைத் திருநாள்டா. அவங்கவங்க வூட்ல செத்தவங்க பேர சீட்ல எழுதி கோயில்ல குடுப்பாங்க. காலைல ஆறு மணிப் பூசைல ஃபாதர் ஒண்ணொண்ணா வாசிப்பாரு. இந்த வாட்டி என்னிய டைப் அடிக்க சொன்னாரு. முன்னூத்தி எண்பத்தெட்டு பேரு. மூணு நாளா அடிச்சேன். அஞ்சு மணிக்கு கோயில் உபதேசியார் கிட்ட பென்டிரைவ் தரணும்.

— சரி, அதுல இன்னா? சீட்டு கீதுல்ல? ஃபாதரு அத பாத்து வாசிக்கட்டும்.

— சீட்டுங்கள பைல போட்டு கட்டிலுக்கு அடில வெச்சேன். சாயங்காலம் பேஞ்ச மழைல வூட்டுக்குள்ள தண்ணி பூந்துட்ச்சி. இப்ப நீலமா ஒரு உருண்ட கீது. அதுல "அந்தோ"ன்னு ஒரே ஒரு எடத்துல தெரியுது.

— அந்தோவா?

— அந்தோணி. இல்ல அந்தோணியம்மா. நாப்பது பேரு கீறாங்க அந்த மாரி.

— சரி சரி, அழாத. ஃபைல் உள்ள தான கீது? மெஷினு செத்தா கூட ஃபைல வெளிய எடுத்துரலாம். ஹார்டிஸ்க கயட்டுனா மேட்டர் ஓவர்.

— ஃபைல் இல்ல.

— இன்னா ஃபைல் இல்ல?

— சேவ் பண்ணல.

— மூணு நாளாவா?

— நீ தானடா சொன்ன! ஹைபர்னேட் போட்டா எல்லாம் தொறந்தது தொறந்த மாரியே இருக்கும், கரண்டு போனா கூட ஒண்ணும் ஆவாதுன்னு!

— அத சேவ் பண்ணாதன்னு எப்ப சொன்னேன்? ஏன்மே, ஒரு பட்டன் அமுக்க கை வலிக்குதா?

— அமுக்குனேன். பேரு கேட்டுச்சி.

— வெக்க வேண்டியது தான?

— இன்னா பேரு வெக்கறது? "செத்தவங்க"ன்னு வெக்கறதா? ராத்திரில, தனியா, என் கையால? எனக்கு பயமா இருந்துச்சி. அதான் தூங்க வெச்சிட்டேன்.

— யா அல்லா.

— சிரிக்காதடா. போன வருசம் வால்டர் தாத்தா பேர வுட்டுட்டாங்கன்னு ஆலிஸ் அக்கா கோயில் வாசல்லயே நின்னுகினு எப்புடி கத்துனாங்க தெரியுமா? ஒரு பேருக்கே அந்த கத்து. இது முன்னூத்தி எண்பத்தெட்டு. நான் ராயபுரத்துல நடக்க முடியாதுடா. கப்பல்ல ஏறி எங்கியாவது ஓடணும்.

— இரு, யோசிக்கிறேன். ஸ்கிரீன்ல எதுனா எழுத்து வருதா? நீலமா, சோக மூஞ்சி போட்டு?

— இல்ல. கறுப்பு தான்.

— அப்ப பவர் பட்டன பத்து செகண்டு அப்புடியே புடிச்சிகினு இரு. மொத்தமா அணைஞ்சி புச்சா எழுந்துக்கும்.

— எழுந்தா லிஸ்டு இருக்குமா?

— ...இருக்காது. கைய எடு. கைய எடுத்துட்டியா? எதியும் தொடாத.

— டேய், உனுக்கு நெஜமா தெரியுமா, இல்ல கடைல டீ வாங்கிகினு வர்ற வேல தானா?

— ரெண்டும். இன்னிக்கு தான் இப்புடி பண்ணுதா?

— மூணு நாளா. ராத்திரி பதினொண்ணரைக்கு சாப்புட்டு வந்தா இந்த மாரி தான். தட்டி தட்டி பாத்துட்டு படுத்துருவேன். காலைல எழுந்து அமுக்குனா ஒண்ணுமே நடக்காத மாரி ஜோரா ஓடுது.

— காலைல ஓடுது, ராத்திரி சாவுதா? அப்ப காலைல தானா எழுந்துக்கும். வுடு.

— காலைலன்னா ஏழு மணிக்குடா! ஆறு மணிக்கு பூசை! தவ்ஃபீக்... ஒண்ணு சொல்றேன், சிரிக்க மாட்டல்ல?

— சொல்லு.

— ரெண்டு செகண்டு தெரியுது பாரு, அப்ப கர்சரு மிக்கேல் தாத்தா பேரு கிட்ட நிக்குது. ஐஸ் ஃபேக்டரி மிக்கேல். நாங்க வெளையாடும்போது பந்து அவரு வூட்டுக்குள்ள போனா கத்தியால கிழிச்சி திருப்பி தூக்கி போடுவாரு. அவரு செத்தப்ப நான் ஒரு சொட்டு கூட அழல. சந்தோசமா கூட இருந்துச்சி, கொஞ்சூண்டு. இப்ப அவரு தான் இத அணைக்கிறாரு.

— மிக்கேல் தாத்தாக்கு கம்பியூட்டர் தெரியுமா?

— பேன் சுவிச்சே தெரியாது.

— அப்ப அவரு இல்ல. இரு, ஜன்னல சாத்திட்டு வரேன். பயத்துல இல்ல, கொசு.

— தவ்ஃபீக்!

— வந்துட்டேன், வந்துட்டேன். வீடியோ கால் போடு. எதிர்ல நின்னு பாத்தா தான் வைத்தியம் பண்ண முடியும். ம்... கொஞ்சம் கீழ காட்டு. அந்த மூடி ஏன் செவுத்துல சாஞ்சிகினு கீது?

— கீல் ஒடஞ்சிட்ச்சி. மூடவே மூடாது. அதான் தொறந்தே கெடக்குது.

— சரி. கீபோர்டு பக்கத்துல, எடது கைப் பக்கம், நீலமா நிக்குதே, அது இன்னா?

— மாதா.

— மாதா ஏன் அங்க?

— அப்பா ஓட்டற டிரெய்லர் லாரில டேஷ்போர்டு மேல இருக்கற மாதாடா. ராத்திரில யார்டுல வண்டிய வுட்டா சாமானெல்லாம் திருடிகினு போறானுங்க. போன மாசம் டேப்பே போய்ட்ச்சி. அதான் மாதாவ மட்டும் தெனம் வூட்டுக்கு எடுத்துகினு வந்துருவாரு. காலைல வண்டி எடுக்கும்போது திருப்பி கொண்டு போயிருவாரு. ராத்திரில எனுக்கு காவலா இருக்கட்டும்னு அம்மா இங்க வெச்சிட்டு படுப்பாங்க.

— எத்தினி நாளா?

— மூணு நாளா. நான் செத்தவங்க பேரு அடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து.

— காலைல எத்தினி மணிக்கு அப்பா எடுத்துகினு போவாரு?

— ஆறரை. ஏன்டா?

— எண்ணூர் ரோட்ல அத்தினி பள்ளம் கீது. டிரெய்லர் அந்த குலுக்கு குலுக்குது. மாதா எப்புடி வுழாம நிக்கிறாங்க?

— அடில காந்தம் கீது. நல்லா புடிக்கும். ரெண்டு கையால இஸ்தா தான் வரும்.

— சாரா.

— இன்னாடா?

— நான் ஒண்ணு சொல்வேன். ஆனா நான் சொன்னேன்னு எங்கியும் சொல்லக் கூடாது. உங்க ஃபாதரு கிட்ட, உங்கம்மா கிட்ட, எங்க மாமா கிட்ட. யாரு கிட்டயும்.

— சொல்லித் தொலையேன்!

— மாதாவ கொஞ்சம் அந்தாண்ட வெய்யேன்.

— டேய்! ராத்திரி பன்னெண்டு மணிக்கு, கல்லறைத் திருநாளிக்கு, மிக்கேல் தாத்தா ஸ்கிரீன்ல நின்னுகினு கீறாரு. இருக்கற ஒரே காவலயும் எடுக்க சொல்றியா? நீ எந்தப் பக்கம்?

— லூசு, கேளு. லேப்டாப்பு மூடில சின்னதா ஒரு காந்தம் இருக்கும். மூடுனா, அந்த காந்தம் கீபோர்டு ஓரத்துல ஒரு எடத்துக்கு நேரா வந்து நிக்கும். ஓ, மூடிட்டாங்கன்னு மெஷினு தூங்க போய்டும். இப்ப அந்த எடத்துல மாதா நிக்கிறாங்க. நீ எழுப்புற, அது எழுந்து பாக்குது, காந்தம் கீது, மூடி தான கீதுன்னு திருப்பி படுத்துக்குது. செத்தெல்லாம் போவல. தூக்கம்.

— நெஜமா?

— அம்மா சத்தியமா. மரியாதையா எடு. ரெண்டு கையால.

— பிரிட்ஜ் மேல வெக்கட்டா?

— பிரிட்ஜு, பீரோ, எங்கயோ வெய்யி. மெஷின வுட்டு தள்ளி.

— மாதாவே, கோச்சிக்காதீங்க. அஞ்சே நிமிசம். இவன் தான் சொன்னான்.

— அடிப்பாவி, இப்ப தான சொல்லாதன்னு சொன்னேன்!

— மாதா கிட்ட பொய் சொல்ல முடியாதுடா. வெச்சிட்டேன். அமுக்குறேன். ...எழுந்துக்குது. லிஸ்டு வருது. ஒண்ணு... ரெண்டு...

— மூணு.

— நாலு... தவ்ஃபீக், நிக்குதுடா! போவல! மிக்கேல் தாத்தா அப்புடியே நிக்கிறாரு!

— சேவ் பண்ணு! ஜல்தி! சந்தோசம் அப்பால படு!

— பேரு கேக்குதுடா.

— எதுனா ஒண்ணு அடி!

— ...அடிச்சிட்டேன். சேவ் ஆயிட்ச்சி. பென்டிரைவ்லயும் போட்டுட்டேன். அப்பாடா.

— பாத்தியா, கேஸு சிம்பிள்னு சொன்னேன்ல. இன்னா பேரு வெச்ச?

— தவ்ஃபீக்.

— சொல்லு.

— இல்லடா, அது தான் பேரு. உயிரோட கீறவன் பேரா வெச்சா பயம் இருக்காதுன்னு.

— முன்னூத்தி எண்பத்தெட்டு செத்தவங்க மேல எம் பேர எழுதி வெச்சிருக்கியா? மாத்துமே! நாளிக்கு ஃபாதரு மொதல்ல என்னிய வாசிச்சிர போறாரு!

— சாரா. யாரு கூட பேசிகினு கீற?

— அய்யோ, அம்மா எழுந்துட்டாங்க. இருடா. ...யாரும் இல்லம்மா. தவ்ஃபீக். லேப்டாப்பு ரிப்பேரு.

— பிரிட்ஜ் மேல மாதாவ எவ வெச்சது?

— நான் தான்ம்மா. தப்பா எடுத்துக்காத. அந்த மாதா அடில காந்தம் கீதுல்ல, அத கீபோர்டு கிட்ட வெச்சா மெஷினு அணைஞ்சிடுதும்மா. மூணு நாளா அதான் ஆயிகினு கீது. நீ தெரியாம தான வெச்ச. நானும் மிக்கேல் தாத்தான்னு நெனச்சி...

— தெரியாம இன்னாடி? மொத நாளே பாத்தேன். நீ சாப்புட போன நேரத்துல மாதாவ அங்க வெச்சேன், பொசுக்குனு மெஷினு வெளக்கு அணைஞ்சிச்சி. நீயும் வந்து நாலு தட்டு தட்டிட்டு, ஒழுங்கா படுத்து தூங்குன. பின்ன மூணு நாளா வேற எதுக்குடி வெக்கிறேன்?