மூன்றாம் ஓலை

— இன்னும் போகலையா அவ?

— எங்க போறது? சமையல்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. டீ குடுத்தேன், வேணாம்னுட்டா. டாம்சின் கிட்டோ டீ வேணாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல, தம்பி.

— அக்கா, இன்னிக்கு சனிக்கிழமை. நாளைக்குப் பிரசங்கம். இன்னும் முதல் பக்கத்துலயே நிக்கறேன். அதாவது, சனிக்கிழமை நான் யாரையும் பாக்கறதில்லன்னு ஊருக்கே தெரியுமே.

— பிரசங்கம் முதல் பக்கத்துல நிக்குது, சரி. அந்தப் பக்கம் கிடக்கற கட்டு என்ன? அடுத்த மாசக் கதைதானே? அது எத்தனாவது பக்கத்துல நிக்குது?

— அது முடிஞ்சுது. லண்டன் பத்திரிகைக்காரர் திங்கக்கிழமைக்குள்ள வேணும்னார்.

— கர்த்தர் ஞாயித்துக்கிழமையே கேக்கறார். போகட்டும். அவ வந்திருக்கறது உன் பிரசங்கத்துக்காக இல்ல, கதைக்காகத்தான். மடியில இந்த மாசப் பத்திரிகையை வச்சிருக்கா.

— ரொட்டிக்கடைக்காரிக்கு என் கதையில என்ன குறை?

— கதையில ஒரு தச்சன் கல்யாணத்துக்கு நிக்கறானே, சைலஸ். அவனுக்கு பிரிஸ்டல்ல ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கான்னு எழுதினியே. படிச்சவங்க எல்லாருக்கும் நம்ம கொத்தனார் ஜேபஸ் முகம்தான் தெரியுது. டாம்சின் கட்டிக்கப் போறது ஜேபஸை. நாளைக்குக் கோயில்ல நீ வாசிக்கப் போறது அவங்க ரெண்டு பேரோட மூணாவது கல்யாண ஓலை, கடைசி அறிவிப்பு. நான் அப்பவே சொல்லல?

— எப்ப சொன்னே?

— நீ எனக்கு வாசிச்சுக் காட்டினப்ப. அப்படியே ஜேபஸ் மாதிரி இருக்கேன்னேன். நீ நன்றின்னே. நான் அதைப் பாராட்டாச் சொல்லல, ஆம்ப்ரோஸ்.

— சரி, வரச் சொல்லு.

— டாம்சின், உள்ள வா. பாதிரி ஐயர் கூப்பிடறார். நான் இங்கதான் இருப்பேன், எனக்குத் தையல் இருக்கு.

— தோத்திரம்யா. வேலை நேரத்துல வந்துட்டேன்.

— உக்காரும்மா. எதுக்கு வந்தேன்னு அக்கா சொன்னா. அதாவது, ஒரே வார்த்தையில சொல்லிடறேன். அது கதை.

— இருக்கட்டும்யா. எழுதுனது நீங்கதானே? இதுல பேரு போடல, ஒரு கிராமத்துப் பாதிரின்னுதான் இருக்கு.

— நான்தான். ஜேபஸ் என்ன சொல்றான்?

— அவரு பேச்சைக் கடைசியில சொல்றேன். முதல்ல உங்க பேச்சு. இந்தத் தச்சன் எல்லாத்தையும் இடது கையால செய்யறான். கறி அடைச்ச ரொட்டியை ஊரெல்லாம் ஓரத்துலேருந்து கடிச்சா இவன் நடுவுல கடிக்கறான். வேலை செய்யும்போது சீட்டியடிக்கறான். தபால்காரர் மணி கேட்டா சீட்டியை நிறுத்திட்டு, செவுத்துக்குப் பின்னால போயிடறான். இதெல்லாம் ஜேபஸ்தானே?

— ஆமா. அதாவது... ஆமா. கோடை முழுக்க அவன் நம்ம மணிக்கூண்டைப் பூசினான். என் மேஜை இந்த ஜன்னலோரம். எழுத்து ஓடாதப்ப கண்ணு எங்கயாவது போகும்மா. அவன் மேல போச்சு.

— கண்ணுல பட்டதை எழுதுனீக.

— ஆமா.

— அப்ப பிரிஸ்டல்காரி எந்த ஜன்னல் வழியாக் கண்ணுல பட்டா?

— அவ படல. அவளை நான் உண்டாக்கினேன். ஒருத்தன் தபால்காரரைப் பாத்து ஒளியறான். ஏன் ஒளியறான்? கடனா, குற்றமா, மனைவியா? மனைவின்னா கதை நல்லா ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

— கேட்டியா டாம்சின்? கதை ஓடறதுக்காக ஒருத்திக்குப் பேரும் வச்சு, மீன்கூடையும் கொடுத்து, பிரிஸ்டல்ல கொண்டுபோய் உக்கார வச்சுட்டான். இவனுக்கு ஒரு கல்யாணத்துக்கு வழியக் காணோம், அடுத்தவங்களுக்கு ரெண்டு ரெண்டாப் பண்ணி வைக்கறான்.

— அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்.

— அவருக்கு எழுத்துத் தெரியாதும்மா. தபால் வந்தா யாராவது வாசிச்சுக் காட்டணும்ல. அந்த வெக்கத்துலதான் ஒளியறாருன்னு நான் நெனச்சிருந்தேன். நாம வாசிச்சுத் தரலாம், கல்யாணத்துக்கப்புறம் சொல்லியும் தரலாம்னு இருந்தேன்.

— பாத்தியா? அதுதான் நிஜமான காரணம். எனக்கு அது தோணவே இல்ல. தோணியிருந்தா அதையே எழுதியிருப்பேன்.

— எழுதியிருந்தா லண்டன்ல எவன் காசு கொடுத்து வாங்குவான்?

— அக்கா.

— இருக்கட்டும். ஐயா, நான் ரொட்டிக்காரி. மாவு தெரியும், அடுப்பு தெரியும். புத்தகம் அவ்வளவாத் தெரியாது. ஆனா ஊர்ல என்ன பேசறாகன்னு தெரியும். ஐயர் பொய் எழுத மாட்டாரு. நேராச் சொன்னா ஒரு மனுஷன் மானம் போகும்னு பேரை மாத்தி, கொத்தனைத் தச்சனாக்கி, எனக்கு எச்சரிக்கை விட்டிருக்காருன்னு பேசறாக. நேத்துக் காலையில ரொட்டி சுட மாவு கொண்டாந்த பொம்பளைக அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரி பாத்தாக. ஒருத்தி என் கையைப் பிடிச்சு அழுதே போட்டா.

— நான் எழுதறதெல்லாம் வேதமா? டாம்சின், போன வருஷக் கதையில, கள்ளக்கடத்தல்காரங்க ஒரு பிராந்திப் பீப்பாயைப் பாதிரி வீட்டுத் தோட்டத்துல புதைச்சதா எழுதினேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அப்புறம் என்ன ஆச்சு?

— நான் சொல்றேன். பத்திரிகை வந்த மறுநாளே நம்ம உருளைக்கிழங்குத் தோட்டம் முழுக்கத் தோண்டிப் போட்டுக் கிடந்துது. மணியடிக்கற கிழவன்கூட மண்வெட்டியோட நின்னான். என்னடான்னா, உங்களுக்குக் கிழங்கு எடுத்துத் தர வந்தேம்மாங்கறான்.

— பீப்பாய் கிடைச்சுதா, டாம்சின்?

— கிடைக்கலய்யா.

— அதேதான். நான் எழுதினா மண்ணுல பீப்பாய் முளைக்காது. பிரிஸ்டல்லயும் ஒருத்தி முளைக்க மாட்டா.

— பீப்பாய் இல்லாததுல யாருக்கும் நஷ்டமில்ல, உங்க கிழங்கைத் தவிர. நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது.

— கேளும்மா.

— ரெண்டு ஞாயிறு எங்க ஓலையை வாசிச்சீக. ரெண்டு தடவையும் வாசிச்சுட்டு நிமுந்து பாத்து, இவங்க கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிஞ்சா இப்பவே எந்திரிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டீக. நான் முன் பெஞ்சுல இருந்தேன். என் நெஞ்சு அடிச்சது பின் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும். அவரு வெளியூர்லேருந்து வந்தவரு, முன்ன பின்ன யாருக்கும் தெரியாது. ஒருத்தரும் எந்திரிக்கல. கர்த்தர் எனக்கு ரெண்டாந்தடவை ஒரு வீடு கொடுக்கறாருன்னு நெனச்சேன். அப்ப, கேட்ட உங்களுக்கே தெரிஞ்சிருந்துச்சா?

— தெரிஞ்சிருந்தா நான் அந்த ஓலையைக் கையிலயே எடுத்திருக்க மாட்டேன்.

— நீங்க தெரிஞ்சும், எனக்குச் சொல்லாம லண்டன் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தீகன்னா, அதை மட்டும் என்னால தாங்க முடியாதுய்யா. மத்த எதையும் தாங்கிக்குவேன்.

— இல்லம்மா. நிச்சயமா இல்ல.

— என் புருஷன் ஹியூவைக் கடல் கொண்டுபோனப்ப பிரசங்கம் பண்ணுனீக. புதைக்க உடம்புகூட இல்ல. கடல் வாங்கிக்கிட்டவகளை ஒருநாள் திருப்பிக் கொடுத்தே ஆகணும்னு சொன்னீக. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மறுபடி அடுப்பைப் பத்த வச்சேன். அதுவும் இப்படித்தானா?

— எப்படி?

— ஜன்னல் வழியாக் கொஞ்சம் பாத்துட்டு, மிச்சத்தை நல்லா ஓடணுமேன்னு நிரப்புனதா?

— அது வந்து... அதாவது...

— பதில் சொல்லு தம்பி. எனக்கும் கேக்கணும்.

— இல்ல. அது நான் உண்டாக்கினது இல்ல, டாம்சின். எனக்குக் கொடுக்கப்பட்டது. அதை நான் நம்பறேன். நம்பலைன்னா அந்த மேடையில ஏற மாட்டேன். இது வேற. இதை நான் நம்பறதில்ல, எழுதறேன்.

— நீங்க நம்பாததை எழுதி எங்களை நம்ப வைக்கறீக.

— ஆமாம்மா. அந்தத் தொழில் அப்படி.

— நம்பறதைச் சொல்லும்போது பாதி சபை தூங்குது. நம்பாததை எழுதினா ஊரே முழிச்சிருந்து கேக்குது. கேலிக்குச் சொல்லல தம்பி, எனக்கே அதுல வருத்தம்தான். பேராயர் வந்தப்பகூட, கதை எழுதற பாதிரியோட பிரசங்கம் சீக்கிரம் முடியும், அது ஒரு நன்மைன்னுட்டுப் போனார்.

— நான் தூங்குனதில்லம்மா. எங்க தூங்கறது? ஞாயித்துக்கிழமை ஊர்ல பாதி வீடு கறிச்சட்டியை என் அடுப்புல வச்சுட்டுத்தான் கோயிலுக்கு வருது. பிரசங்கம் நீண்டா ஊருக்கே கறி கருகிடும். மூக்கு அங்க, காது இங்க. ஆனாலும் ஐயர் சொன்னதுல ஒரு வார்த்தை விட்டதில்ல.

— எனக்குத் தெரியும்மா.

— அப்ப வேதப்புத்தகத்து மேல கைய வைங்க.

— என்னது?

— மேஜை மேல இருக்கே, அது மேல. பிரிஸ்டல்காரியைப் பத்தி யாரும் உங்களுக்குச் சொல்லல, நீங்களா உண்டாக்குனீகன்னு சொல்லுங்க.

— டாம்சின், ஒரு பாதிரி இப்படியெல்லாம் சத்தியம் பண்றது...

— பண்ணு தம்பி. அவ கேக்கறதுல தப்பில்ல. கதை எழுதின கையை ஒரு தடவை அது மேலயும் வை.

— சரி. வேதத்து மேல கை வச்சுச் சொல்றேன். ஜேபஸ் ரண்டிலைப் பத்தி எந்த மனுஷனும் என்கிட்ட எதுவும் சொன்னதில்ல. அரசல்புரசலாக்கூட எதுவும் என் காதுக்கு வந்ததில்ல. அந்தப் பொண்ணு முழுக்க முழுக்க என் கற்பனை. போதுமா?

— போதும்யா. மனசு கொஞ்சம் லேசாச்சு.

— அப்பாடா. இப்ப நான் சொல்றதைக் கேளு. தப்பு என் மேலதான். ஒருத்தனோட கையையும் சீட்டியையும் அவனைக் கேக்காம எடுத்துக்கிட்டேன். அதோட ஒரு பாவத்தையும் சேத்து அவன் தலையில கட்டிட்டேன். நாளைக்கு இந்தப் பிரசங்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்தவனைப் பத்திப் புரளி பேசறதைப் பத்தித்தான் பேசப் போறேன். நீங்க வாயால செஞ்சீங்க, நான் அச்சுல செஞ்சேன்னு மேடையிலேருந்தே சொல்றேன்.

— ஐயா, நான் சொல்ல வந்தது...

— இரும்மா. அடுத்த மாச அத்தியாயம் இதோ இருக்கு. இதுல அந்த பிரிஸ்டல்காரி கைக்குழந்தையோட கோச்சு வண்டியில வந்து இறங்கறா. அக்கா, அந்தக் கணப்பை விட்டுக் கொஞ்சம் நகரு. பாத்தியா? நெருப்புல போச்சு. சைலஸுக்குப் பொண்டாட்டியே கிடையாது, எவனோ வேலையத்தவன் கிளப்பிவிட்டதுன்னு மாத்தி எழுதிடறேன்.

— எழுதிட்டா அவ இல்லாமப் போயிடுவாளாய்யா?

— இல்லாதவதானேம்மா அவ.

— டேய், அது ஒரு மாச உழைப்புடா.

— எரியட்டும் அக்கா. நாளைக்கு மூணாவது ஓலையை முந்தின ரெண்டையும்விட உரக்க வாசிக்கறேன். தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டுட்டு ஒவ்வொரு பெஞ்சா முறைச்சுப் பாக்கறேன். எவன் எந்திரிக்கறான்னு பாத்துடலாம். ஜேபஸையும் கூட்டிட்டு வா டாம்சின். அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்.

— ஓலை வாசிக்க வேணாம்யா.

— ஏம்மா? சத்தியமே பண்ணிட்டேனே. இன்னுமா சந்தேகம்?

— உங்க மேல இல்லய்யா. நீங்க தெரிஞ்சு மறைச்சீகளான்னு பாக்கத்தான் வந்தேன். இல்லன்னு ஆச்சு. இனி ஞாயித்துக்கிழமை எப்பவும்போல வந்து முன் பெஞ்சுல உக்காந்துக்குவேன். ஹியூவைப் பத்திச் சொன்னதையும் நம்பிக்கிட்டு இருப்பேன்.

— எனக்கு ஒண்ணும் புரியலையே. ஜேபஸ் எங்க?

— நேத்துச் சாயங்காலம் கடைக்கு வந்தாரு. ஊரே பேசுதே, அவரும் கேட்டுச் சிரிக்கட்டும்னு நானே அந்த அத்தியாயத்தை வாசிச்சுக் காட்டினேன். கையில கறி ரொட்டி. கொஞ்ச நேரத்துல கடிக்கறதை நிறுத்திட்டாரு. நான் பாத்துக்கிட்டேதான் வாசிச்சேன், நிறுத்த மனசு வரல. முடிச்சதும் எந்திரிச்சுத் தொப்பியை எடுத்தாரு. இன்னிக்குக் காலையில அவரு தங்கியிருந்த அறைக்குப் போனேன். பூசற கரணை இல்ல, மட்டப்பலகை இல்ல, ஆளும் இல்ல.

— அடப்பாவி, ஒரு வார்த்தையும் சொல்லாமயா போனான்?

— சொல்லலம்மா. கேட்டாரு. வாசல்ல நின்னு, என் முகத்தைப் பாக்காம, ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

— என்ன கேட்டான்?

— "ஐயருக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டாருய்யா.