ஏழாவது சாலில் ஒரு பன்றி

லியோனா: மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது டாலர். அதுல ஒரு சென்ட்டுகூட கொறையாது, டெல்.

டெல்: கொறைக்கச் சொல்லி வரல, மிஸ் லியோனா. கணக்கு எனக்கும் தெரியும்.

லியோனா: தெரிஞ்சா சரி. ஒம்பது நாளா ஆளையும் காணோம், வாலையும் காணோம். மறந்துட்டியோன்னு நெனச்சேன்.

டெல்: மறக்கல... உக்காரலாமா?

லியோனா: நாற்காலி உன்னைக் கடிக்காது. பூட்ஸைக் கழட்டிட்டுத்தானே சமையலறைக்குள்ள வந்த?

டெல்: வாசல்லயே கழட்டிட்டேன்.

லியோனா: கையில என்ன பொட்டி?

டெல்: ராத்திரி குறி பாக்கற ஸ்கோப்பு. துப்பாக்கியிலேர்ந்து கழட்டிட்டேன்.

லியோனா: என் ஸ்கோப்பா?

டெல்: கடன் அடையற வரைக்கும் உங்களுதுதான். சார்ஜர், தொடைக்கிற துணி, எல்லாம் உள்ள இருக்கு. கண்ணாடியில ஒரு கீறல் கெடையாது. பாத்துக்குங்க.

லியோனா: நான் எதைப் பாக்க? இதுவரைக்கும் ஒரு தடவைகூட அதுல கண்ண வச்சதில்ல. என் வீட்டுக்காரர் எமில் போனப்புறம் அவரு மீன்பிடிச்ச படகை வித்தேன். இதை வாங்க நாலாயிரத்து முன்னூறுக்கு செக் எழுதினேன். உன் கையில குடுத்தேன். ஒரு பன்னி சுட்டா இருபது டாலர் கழியும், வாலைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டணும்... அதானே பேச்சு?

டெல்: அதான்.

லியோனா: முப்பத்திமூணு வால். என் ஃப்ரீசர்ல பட்டாணிக்குப் பக்கத்துல கெடக்கு.

டெல்: இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டிருக்கலாமே.

லியோனா: கடன் தீராம ரசீதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?

டெல்: ஹஹ, பன்னி வால் ரசீதா!

லியோனா: சிரிச்சிட்ட. நல்லது. இப்பச் சொல்லு. இதை எதுக்குக் கழட்டிக் கொண்டுவந்த?

டெல்: திருப்பிக் குடுக்க. வித்தா ரெண்டாயிரத்து ஐநூறு வரும். மீதிக்கு நான் வேலி கட்டித் தர்றேன். தெக்குப் பக்கம் கம்பியெல்லாம் தொங்குது.

லியோனா: வேலி பன்னியை நிறுத்துமா?

டெல்: நிறுத்தாது.

லியோனா: அப்போ?

டெல்: நான் வேற யாரையாவது சொல்லி விடறேன். டாலஸ் பக்கத்துலேர்ந்து காசு குடுத்துச் சுட வர்ற பசங்க இருக்காங்க...

லியோனா: பீர் டப்பாவை வயல் பூரா போட்டுட்டுப் போற பசங்க. போன வருஷம் கேட்டைத் திறந்து போட்டு, என் மாடு ஆறும் நெடுஞ்சாலையில நின்னுச்சு. அவங்க வேண்டாம். காப்பி வேணுமா?

டெல்: குடுங்க.

லியோனா: கசகசா வச்ச கொலாச்சி ரொட்டி இருக்கு. நேத்து சுட்டது. எடுத்துக்கோ... டெல், உனக்கே தெரியும். மக்காச்சோளம் மொளைச்சு முழங்கால் ஒசரம் வர்ற வரைக்கும்தான் பயம். அது வரைக்கும் ஒரு ராத்திரி விட்டாப் போதும். மூக்கை சாலுக்குள்ள வச்சு, ஒரு வெதை விடாம வரிசையாத் தின்னுட்டுப் போவும். நான் சொல்லணுமா?

டெல்: வேண்டாம்.

லியோனா: ஈஸ்டருக்கு என் கொழுந்தனார் எர்வின் வயலைப் பாக்க வர்றார்.

டெல்: தெரியும். தீவனக் கடையில எர்வின் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தார். நெலத்துல பாதி அவருதாம். ஓடைப்பக்கம் இந்த வருஷமும் மொட்டையா கெடந்தா, சோலார் தட்டு வைக்கிற கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுடுவாராம். அண்ணி இனி டவுனுக்குப் போய் நிம்மதியா இருக்கட்டும்னார்.

லியோனா: என் நிம்மதி மேல அவருக்கு எவ்வளவு அக்கறை.

டெல்: கடையில நின்ன ரெண்டு பேரு தலையாட்டினாங்க.

லியோனா: நீ?

டெல்: நான் ஆணி வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

லியோனா: இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்க? ஒம்பது நாளா நானே எமிலோட பழைய டிரக்குல உக்காந்து, விடிய விடிய ஹாரன் அடிச்சு பன்னியை வெரட்டிக்கிட்டிருக்கேன். அறுபத்தி மூணு வயசுல.

டெல்: தோள் வலி, மிஸ் லியோனா. சுடறப்ப பின்னால இடிக்குது...

லியோனா: போன செவ்வாய்க்கிழமை ஜானெக் வீட்டுக் களஞ்சியத்துக்குக் கூரைத் தகரம் தூக்கினது யாரோட தோள்?

டெல்: அது வேற தோள்.

லியோனா: ஓ.

டெல்: கண்ணும் முன்ன மாதிரி...

லியோனா: உன் பொண்டாட்டி மார்லீன் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என்கிட்ட வேற கதை சொன்னா. நீ தூங்கறதே இல்லையாம். எழுந்து போய் வராந்தாவுல உக்காந்துக்கறியாம். என்னன்னு கேட்டா, நாய் கொரைச்சுதுன்னு சொல்றியாம். எங்க வீட்டுல நாயே இல்லையேன்னு கேக்கறா.

டெல்: அவ உங்ககிட்ட ஏன் சொன்னா?

லியோனா: காசு கடன் பட்டதுனாலயோன்னு பயந்து கேட்டா, பாவம். சொல்லு டெல். என்ன ஆச்சு?

டெல்: ...கதவைச் சாத்தட்டுமா?

லியோனா: இங்க நீயும் நானும்தான். சாத்தி யார்கிட்டேர்ந்து மறைக்கப் போற?

டெல்: கடைசியா வந்தேனே, அன்னிக்கு. எப்பவும் போல உங்க ஃபோன்ல சொல்லி வச்சிட்டுத்தான் உள்ள போனேன். கெழக்கு கேட், ஓடைப்பக்கம், பத்து மணிக்கு மேலன்னு. நீங்க எடுக்கல, அதனால பதிவு பண்ணிட்டேன். அது நம்ம வழக்கம்தானே.

லியோனா: சரி.

டெல்: காத்து தெக்கேர்ந்து அடிச்சுது. நல்ல காத்து. பன்னிக்கு என் வாசனை போகாது. முக்காலியில துப்பாக்கியை வச்சு ஒரு சுத்துப் பாத்தேன். ரெண்டு மொயல். அப்புறம் ஏழாவது சால்ல... ஒத்தையா ஒண்ணு.

லியோனா: என்ன?

டெல்: பன்னி. பன்னின்னு நெனச்சேன். நூத்தெண்பது கஜம் இருக்கும். தலையைத் தாழ்த்தி, சாலை விட்டு வெலகாம, கொஞ்சம் நகரும், நிக்கும்... நகரும், நிக்கும். வெதை திங்கற பன்னி அப்படித்தான் போவும். ஒடம்பு மங்கலாத் தெரிஞ்சுது, மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு. சேத்துல பொரண்டு எழுந்த பன்னி அப்படித்தான் தெரியும். ஈரச் சேறு சூட்டை மறைச்சிடும். எல்லாமே சரியா இருந்துச்சு, மிஸ் லியோனா. ஒண்ணுகூடத் தப்பாத் தெரியல.

லியோனா: மூஞ்சி தெரிஞ்சுதுன்னு சொன்னியே.

டெல்: மூஞ்சி இருக்கற எடம் தெரியும். வெள்ளையா ஒரு திட்டு. அவ்வளவுதான்.

லியோனா: யாரு மூஞ்சின்னு தெரியாதா?

டெல்: அதுல தெரியறது சூடு மட்டும்தாங்க. சூடா இருந்தா வெள்ளை, ஆறிப்போனா கறுப்பு. கன்னுக்குட்டியும் வெள்ளை, இப்பத்தான் நிறுத்தின டிராக்டரும் வெள்ளை. கண்ணு, மூக்கு, சட்டை... அதெல்லாம் கெடையாது.

லியோனா: நாலாயிரத்து முன்னூறு டாலருக்கு ஒரு மூஞ்சி தெரியாதா?

டெல்: பத்தாயிரத்துக்கு வாங்கினாலும் அந்தத் தூரத்துல யாருன்னு தெரியாது.

லியோனா: ராத்திரியைப் பகலாக்கும்னு பொட்டி மேல எழுதியிருக்கே.

டெல்: பொட்டி மேல எழுதினவன் என்னைக்காவது ராத்திரி வயல்ல உக்காந்திருப்பானா?

லியோனா: ...எனக்கு அது தெரியாது, டெல்.

டெல்: நீங்க எதுக்குத் தெரிஞ்சு வச்சுக்கணும். காப்பி சிந்துது பாருங்க.

லியோனா: சிந்தட்டும். மேல சொல்லு.

டெல்: குறி வச்சேன். சேஃப்டி லாக்கை எடுத்துட்டேன். அது ஒரு பக்கமாத் திரும்பினா காதுக்குப் பின்னால போடலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். திரும்பவே இல்ல.

லியோனா: எவ்வளவு நேரம்?

டெல்: பத்து நிமிஷம் இருக்கும்.

லியோனா: பத்து நிமிஷமும் குறி அது மேலதானா?

டெல்: அது மேலதான். சால் முடியற எடத்துல நின்னுச்சு. இனி ஓடைக்குள்ள எறங்கிடும், விட்டா போயிடும்னு வெரலை வச்சேன். பாதி இழுத்துட்டேன்... சத்தியமாச் சொல்றேன், பாதி இழுத்துட்டேன். அப்பத்தான் அது எழுந்து நின்னுச்சு. ரெண்டு கால்ல. நின்னு, என் பக்கம் பாத்து, ஒரு கையை மேல தூக்குச்சு.

லியோனா: நீ என்ன பண்ண?

டெல்: துப்பாக்கியை விட்டுட்டேன். கீழ விழுந்துச்சு. வெடிக்காம போனதே புண்ணியம். அப்புறம் எல்லாத்தையும் வாரி வண்டியில போட்டுக்கிட்டு ஓடிட்டேன். லைட்டுகூடப் போடல. ரோட்டுக்கு வந்துதான் போட்டேன்.

லியோனா: ஓடிட்ட.

டெல்: அதுதான் என்னை அரிக்குது. போய்ப் பாத்திருக்கணும். யாருங்க, ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டிருக்கணும். ஓடையில தூண்டில் போட வந்த ஆளோ, எல்லை தாண்டித் தெக்கேர்ந்து நடந்தே வர்ற வேலைக்காரங்க யாராவதோ. அந்தக் கை... கண்ண மூடினா அந்தக் கைதான். சுட்டுடாதேன்னு கெஞ்சுது. இருட்டுல நான் இருக்கறது அதுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் புரியல. ஆனா கெஞ்சுச்சு.

லியோனா: கெஞ்சினதா உனக்கு யாரு சொன்னா?

டெல்: வேற எதுக்குங்க ஒருத்தர் துப்பாக்கிக்கு முன்னால கையைத் தூக்குவாங்க?

லியோனா: ம்.

டெல்: டெக்சாஸ்ல பன்னி சுடறதுக்கு ஒரு கேள்வி கெடையாது. எந்த மாசமும் சுடலாம், எத்தனை வேணாலும் சுடலாம். நானும் அந்த முப்பத்திமூணையும் யோசிக்காமத்தான் சுட்டேன். இப்ப யோசிக்கிறேன். ஒவ்வொண்ணும் பன்னியா இருந்தது என் சாமர்த்தியம் இல்ல. அது பன்னியா இருந்துச்சு, அவ்வளவுதான். ஷெரிஃப்கிட்ட சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. நான் மறுக்க மாட்டேன்.

லியோனா: என்னன்னு சொல்ல? பன்னி கை ஆட்டுச்சுன்னா?

டெல்: வெளையாடாதீங்க, மிஸ் லியோனா.

லியோனா: வெளையாடல. அப்புறம் அந்தப் பக்கம் போய்ப் பாத்தியா?

டெல்: வயலுக்குள்ள போகல. முந்தாநேத்து பகல்ல ரோட்டுல வண்டியை நிறுத்திப் பாத்தேன். அங்கதான் எனக்கு இன்னும் கொழப்பம். ஓடைப்பக்கத்து எட்டு சாலும் முன்னமே பன்னி தின்னு தீத்ததுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏழு சால்ல பச்சை தெரியுது. கோணலும் மாணலுமா, ஒரு எடத்துல நெருக்கமா, ஒரு எடத்துல தள்ளி. மெஷின் போட்ட மாதிரி இல்ல. மறுபடி வெதைக்க ஆள் வந்தாங்களா?

லியோனா: கூலிக்கு ஓட்டறவன் எட்டு சாலுக்காக மெஷினைத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன்னுட்டான்.

டெல்: அப்போ யாரு போட்டது?

லியோனா: கொலாச்சியை அப்படியே வச்சிருக்கியே. சாப்பிடு.

டெல்: யாரு போட்டதுங்க?

லியோனா: முதல்ல நீ ஒண்ணு சொல்லு. இனிமே சுட மாட்டியா?

டெல்: முடியாது. கை வராது. ஆனா பயிர் முழங்காலுக்கு வர்ற வரைக்கும் நான் வந்து டிரக்குல உக்காந்துக்கறேன். பன்னி வர்றதை இந்த ஸ்கோப்புல பாத்து ஹாரன் அடிக்கிறேன். துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும். அதுக்குக் காசு வேண்டாம், கடன்லயும் கழிக்க வேண்டாம். நீங்க போய்ப் படுத்துத் தூங்குங்க... இப்பச் சொல்லுங்க. யாரு போட்டது?

லியோனா: நான்தான், டெல். எமிலோட பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கிட்டு, முட்டி போட்டு, ஒவ்வொரு வெதையா. பகல்ல போட்டா எர்வின் ரோட்டுல போறப்பப் பாத்துட்டு, அண்ணி மண்ணுல தவழ ஆரம்பிச்சிட்டாங்கன்னு அந்தத் தீவனக் கடையில போய்ச் சொல்வார். உன் பதிவைக் கேட்டுட்டுத்தான் போனேன். நீ அங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். மறுநாள் மழைன்னு சொன்னாங்க, அன்னிக்கே முடிச்சாகணும். என் மூஞ்சி உனக்குப் பகல் மாதிரி தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கெழவி வேலையை முடிக்கட்டும்னு நீ மரியாதையாக் காத்திருக்கேன்னு வேற நெனச்சேன். அந்தக் கை கெஞ்சல, டெல். ஒரு நிமிஷம் நில்லுன்னு உன்னைக் கூப்பிடத் தூக்கினது. இதுக்கு மேல வெதை வாங்கக் கையில காசு இல்ல, அதனால ஸ்கோப்பைப் புடுங்கி வித்துடலாம், மீதிப் பணம் எப்ப வரும்னு உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டுடலாம்னு முடிவு பண்ணியிருந்தேன். நீ லைட்டுகூடப் போடாம ஓடினியே... கடனுக்குப் பயந்து ஓடறான்னு ஒம்பது நாளா உன்னைத் திட்டாத திட்டு இல்ல. நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியது இல்லாம இருந்திருந்தா நான் எதுக்கு எழுந்திருக்கப் போறேன், முட்டி போட்டபடியே எட்டாவது சாலுக்குத் திரும்பியிருப்பேன், உனக்குக் குறி வைக்க என் காதும் கெடைச்சிருக்கும். அழாதே, சாப்பிடு. அந்த மூவாயிரத்து அறுநூத்தி நாப்பதும் அன்னிக்கு ராத்திரியே தீந்துடுச்சு; எனக்குத்தான் இப்பத் தெரியுது.