இருபது கம்மி

கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வாருங்கள். இது நம்ம பிரத்யுஷாவின் பெரியப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி இல்லை... பட்டப்பகல். மத்தியானம் ஒன்றரை மணி. காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ரோட்டோரம் ஒற்றையாய் ஒரு டயர் கடை. பெரியப்பா ஆறுச்சாமியின் கடை.

அங்கே லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது அழுத்தம் காட்டுகிற கனமான கேஜ் ஒன்று இருந்தது. ஒருநாள் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அன்றிலிருந்து இருபது கம்மியாகக் காட்டும். முள் நூறில் நின்றால் டயருக்குள் நூற்றிருபது. ஆறுச்சாமி மனசுக்குள்ளேயே இருபதைக் கூட்டிக்கொள்வார்.

போன ஆடியில் அப்புசாமி வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் நாள், இதே ஒன்றரை மணி. "நூத்தியிருபது வெச்சுரு. நான் ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு வாரேன்" என்று ஆறுச்சாமி வீட்டுக்குப் போனார். கேஜைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்.

முள் நூற்றிருபதைத் தொடுகிறவரை அப்புசாமி காற்றடித்தார். சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து நெஞ்சில் அடித்தது. ஒரே சத்தம்... அப்புறம் ரப்பர் நாற்றம் மட்டும்தான்.

சாவு வீட்டில் அவர் மனைவி பாவாத்தாள் ஆறுச்சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏனுங்க, கேஜ் சரியில்லைன்னு பேசிக்கறாங்க. அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லிப்போட்டுத்தான் போனேனுங்க, அம்மணி."

அந்த நேரம் பிணத்தின் வாய் திறந்துகொண்டது. மூடினார்கள். மறுபடி திறந்தது. ஆறுச்சாமிதான் வெள்ளைத் துணியால் தாடையைச் சேர்த்துக் கட்டினார். உச்சியில் இரட்டை முடிச்சு.

புது கேஜ் வாங்கினார். காங்கேயத்தில் சரியாகக் காட்டியது. கடைக்குக் கொண்டுவந்தால்... இருபது கம்மி. மூன்று கேஜ் மாற்றினார். மூன்றும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழைய பேச்சு கிளம்பும்.

இந்த வருஷம் மகன் கிருபாசங்கர் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்தான். அவன் அப்புசாமியைப் பார்த்ததே இல்லை. கடைக்கு வந்த மூன்றாம் நாள். ஆறுச்சாமி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கடைப்பக்கம் கம்ப்ரசர் ஓடியது. ட... ட... ட... கை நின்றது. மகனிடமும் சொல்லவில்லை.

எச்சில் கையோடு ஓடினார். செருப்பில்லாமல், கொதிக்கிற தாரில். பாதி வழியில் கம்ப்ரசர் சட்டென்று நின்றது.

கிருபாசங்கர் டயர் பக்கத்தில் முழுசாக நின்றிருந்தான்.

"கண்ணு... எவ்வளவு வெச்சே?"

"முள்ளு நூறுலயே நிறுத்திட்டனுங்கப்பா. இருபது கம்மியாக் காட்டுமாமா? ஏனுங்க, பெத்த பையனையே பரலோகம் அனுப்பப் பாத்தீங்களா?" சிரித்தான்.

"ஆரு சொன்னா?"

"உள்ள இருக்கற அண்ணன். சொல்லிப்போட்டுத்தான் போகோணும்னு நின்னாருங்க. பாவம், பல்லுவலியாட்ட இருக்குது. தாடையைச் சுத்தி வெள்ளைத்துணி... அதைக் கழட்டிப்போட்டுத்தான் பேசுனாரு."

ஆறுச்சாமி உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஊதுபத்தி வாசம். திரும்பி, மகனிடம் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தார்.

தாடை திறக்கவில்லை.

இன்றைக்கும் திறக்கவில்லை. கஞ்சி குழாய் வழியாகத்தான் போகிறது. எலும்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். நடந்ததையெல்லாம் அவர் நோட்டில் எழுதித்தான் காட்டினார். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி, திரும்பத் திரும்ப... 

'உச்சியில இருக்கற முடிச்சை அவுத்துவிடுங்க.'