பிடியில் வைத்த கல்

— நீ பிடியில வச்ச கல்லு வழியா வர்ற வெளிச்சப் புள்ளியைப் பாருடி, குட்டி. உருண்டையா இருந்தது. இப்ப சிந்தின எண்ணெய் மாதிரி நீளமா இழுத்துக்கிட்டுப் போகுது.

— லேசரைக் கொஞ்சம் குறைச்சுப் பாரேன்க்கா.

— எதுக்கு? வாங்குறவன் குறைச்சா பார்ப்பான்? உலையில லித்தியம் நயோபேட் படிகக் கல்லு வளர்க்கச் சொன்னா கண்றாவியை வளர்த்து வச்சிருக்க.

— எங்க தப்பு நடந்ததுன்னே தெரியலைக்கா.

— எனக்குத் தெரியுதே. லித்தியம் உட்கார வேண்டிய இடத்துல நயோபியம் ஏறி உட்கார்ந்திருக்கு. என் வீட்டு முன்னறையில நீ உட்கார்ந்திருக்கியே, அந்த மாதிரி.

— அதை விரட்டத்தானே மெக்னீசியாப் பொடி போடறோம்?

— அளவு குறைஞ்சா எங்க விரட்டும்? ஈரம் ஏறின பொடியை எடை போட்டிருக்க. பொடியோட தண்ணியையும் சேர்த்து நிறுத்தா இப்படித்தான்.

— பார்த்த உடனே ஈரம்னு எப்படிக்கா சொல்ற?

— பதினஞ்சு வருஷம் உலை முன்னாடி வெந்தவடி நான். என்னையே கேள்வி கேக்குறியா?

— பெரியவர்கிட்ட இப்பச் சொல்லாதக்கா. உன் உலை, என் உலை ரெண்டுல ஒண்ணை மூடப்போறாரு. மோசமான கல்லு யாருதோ, அவங்க வெளியே.

— அது எனக்குத் தெரியாதாக்கும்!

— வேலை போனா நான் அந்த மனுஷன்கிட்டதான் திரும்பிப் போகணும். முதுகுல சூடு வச்சது இன்னும் ஆறலைக்கா.

— போயேன். கட்டிக்கிட்டவன்தானே? இன்னும் எத்தனை நாளைக்கு என் வீட்டுக் கொடியில உன் துணி காயும்? அப்பா இருந்தவரைக்கும் உன்னையே தாங்கு தாங்குன்னு தாங்கினாரு. இனிமே நானும் தாங்கணுமா?

— கால்ல விழறேன்க்கா.

— விழு. தரை சுத்தமாத்தான் இருக்கு.

— அக்கா...

— தள்ளுடி. போனை ஸ்பீக்கர்லயே போடறேன், நீயும் காது குளிரக் கேளு. ஐயா, சோதனை அறையிலேர்ந்து பேசறேன். ஒரு கல்லு தேறலைங்க.

— யாரோட கல்லும்மா?

— என் வாயால எப்படிங்கய்யா சொல்றது? விளிம்புல உலை நம்பர் செதுக்கியிருக்கு. நீங்களே வந்து பாருங்க. ஆனா யாரா இருந்தாலும் இரக்கம் பார்க்காதீங்க.

— சரிம்மா. அந்த நம்பர்காரங்க இன்னையோட நின்னுக்கட்டும். வர்றேன்.

— நியாயம்தாங்கய்யா. வச்சிடறேன்... என்னடி மரம் மாதிரி நிக்கிற? மூஞ்சியைக் கழுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டு.

— பிடியிலேர்ந்து கல்லைக் கழட்டுக்கா. அவர் வர்றதுக்குள்ள விளிம்பைப் பாரு.

— என்னத்தைப் பார்க்கணும்? ஒண்ணாம் நம்பர்... ஏய், இது என் உலைடி! என் கல்லு எப்படிடி இப்படி ஆச்சு?

— மழை வாரத்துல என் மெக்னீசியா டப்பாவை நீ ஜன்னல்கிட்டத் திறந்து வச்சதைப் பார்த்தேன். அதை உன் அலமாரியில வச்சுட்டு, உன் டப்பாவை நான் எடுத்துக்கிட்டேன்.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி கால்ல விழறேன்னு நடிச்ச?

— நடிக்கலைக்கா. ‘அவன்கிட்டப் போகாதடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தக் கல்லை அப்பவே கீழ போட்டு உடைச்சிருப்பேன்.