தூக்கி எறிந்த பத்தாயிரம் துடிப்புகள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! தவறு கண்டால் தயங்காமல் தலையில் குட்டும் மூத்த பொறியாளர்களே! பிள்ளைகளை மடியில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பின்வரிசையில் ஒரு குழந்தை அழுகிறது. அம்மா, வெளியே தூக்கிப் போகாதீர்கள்! அழட்டும். என் பேச்சைக் கேட்டு அழும் முதல் ஆள் அவனில்லை.

நாங்கள் செய்தது என்ன? குறைமாதக் குழந்தையின் மூச்சைக் காக்கும் கருவிக்கு ஒரு சிப். நகத்தளவுதான்! அதற்குள் பதினாறு குட்டிக் கணினிகள். அவற்றுக்கிடையே பாதைகள், சந்திப்புகள், செய்திகளின் நெரிசல்! 'மூச்சு நின்றது' என்ற செய்தி குறித்த கணத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால்? நடுவழியிலேயே கைவிடப்படும்!

வார்த்த சிப்பைத் திருத்த முடியுமா? முடியாது. ஆகவே அந்தப் பாதைகளையெல்லாம் கணினிக்குள் அமைத்து, செய்திகளை ஓடவிட்டு, சிப்பின் கடிகாரம் அடிக்கும் துடிப்பு துடிப்பாக எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை வரைபடம் ஆலைக்குப் போக வேண்டும். வியாழன் மதியம் வந்து நின்றார், சோதனைப் பிரிவுத் தங்கை. கேள்வி ஓயாததால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'.

"சார், ஒவ்வொரு ஓட்டத்திலயும் முதல் பத்தாயிரம் துடிப்பை ஏன் கணக்குல சேர்க்காம விடறோம்?"

"அது சூடேறுற நேரம்மா. நெரிசல் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அளக்கணும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"கரண்ட் போய்த் திரும்பி வந்தா, மெஷின் அந்தப் பத்தாயிரத்துலதானே சார் ஆரம்பிக்கும்? குழந்தை அதுவரைக்கும் காத்திருக்குமா?"

'எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க' என்ற அந்த மேதாவி யார்? வேறு யாருமல்ல, இதோ மைக்கைப் பிடித்து நிற்கிறானே, இவனேதான்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கில் சேர்க்காமல் தூக்கி எறிந்த அந்தப் பத்தாயிரத்தை எடுத்துப் பார்த்தோம். பதினாறு கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே நேரத்தில் கூச்சலிட்டன. ஒரு சந்திப்பில் 'மூச்சு நின்றது' காத்திருந்தது, காத்திருந்தது, கைவிடப்பட்டது! ஒருமுறையா? பதினோரு முறை!

மேலாளர் கொதித்தார். "கடைசி நேரத்துல வந்து கழுத்தறுக்கிறீங்களே!" என்றார். அவரும் இங்கேதான் இருக்கிறார், முதல் வரிசையில், கைதட்டிக்கொண்டு! வரைபடத்தை நிறுத்தினோம். மூச்சுச் செய்திக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் வழி விட்டோம். ஐந்து வாரம் போனது. போகட்டுமே! முதல் துடிப்பிலிருந்து அளந்தோம், மூச்சுச் செய்தி ஒன்றுகூடத் தவறவில்லை!

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் மின்சாரம் போனது, வந்தது. கருவி விழித்த அதே கணத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றது. மணி அடித்தது! செவிலியர் ஓடினார்! உயிர் மீண்டது! வென்றது யார்? வெட்கப்படாமல் கேட்ட ஒரு கேள்வி!

சந்தேகமே, மேடைக்கு வா! இந்த மாலை உனக்குத்தான். வரும் வழியில் அந்தப் பின்வரிசையைக் கொஞ்சம் திரும்பிப் பார். இன்னும் அழுகிறானே, அன்று உயிர் மீண்ட அந்தக் குழந்தை அவன்தான்.

நானூறு பேர் கூடிய மண்டபத்தை நிறைக்கும் அந்த மூச்சுக்கு முன் என் குரல் எம்மாத்திரம்? அவன் பேசட்டும். நன்றி, வணக்கம்!