அவரவர் வேலை

காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவது என் பழக்கம், ஐயா. அதனால் விடியும்போதே நீங்கள் ஆளனுப்பியதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த மீன் கம்பெனிக்கு நான் மேனேஜராகப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மீனைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து, உறைய வைத்து அனுப்புகிற இடம். நான் போனபோது அது சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால் நாற்பது பேரும் கிளம்பிப் போய்ப் பார்ப்பார்கள். ஒருவனுக்குத் தலைவலி என்றால் பக்கத்தில் நிற்பவன் அவன் வேலையையும் சேர்த்துச் செய்வான். கேட்டால், "நம்ம ஆளு சார்" என்பான். முதலாளி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "செலவைக் குறைங்க. எப்படின்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

முதலில் கண்ணில் பட்டவர் வாசல் அண்ணன். அப்படித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். குளிர் அறைக்குள் யாராவது போனால், போனவர் திரும்பி வரும்வரை கதவுக்கு வெளியே நிற்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் சும்மா நின்றே சம்பளம் வாங்கியிருக்கிறார்.

"உள்பக்கக் கைப்பிடி சில நேரம் மாட்டிக்கும் சார். தட்டினா நான் திறப்பேன்" என்றார்.

ஒரு கைப்பிடிக்கு ஓர் ஆள். அவரை வீட்டுக்கு அனுப்பினேன். கைப்பிடியை மாற்றக் கேட்டு வந்த சீட்டில் 'அடுத்த வருடம்' என்று எழுதித் திருப்பினேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தது.

இந்த ஜனங்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மறுநாளிலிருந்து தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் கதவருகே போய் நின்றார்கள். நான் சத்தம் போடவில்லை. அது என் குணமில்லை. இடத்தை விட்டு நகர்ந்தால் அரைநாள் சம்பளம் வெட்டு என்று எழுதி ஒட்டினேன். நகர்ந்தவரைக் காட்டிக்கொடுத்தால் அந்த அரைநாள் காட்டிக்கொடுத்தவருக்கு. முதல் மாதம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது மாதம் ஒருத்தி வந்தாள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமாம். அப்புறம் வரிசையாக வந்தார்கள். 'நம்ம ஆளு' என்று உருகிய லட்சணம் அவ்வளவுதான். அரைநாள் சம்பளத்துக்குத் தாங்காத பாசத்தை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் கூத்தடித்தார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறே மாதத்தில், சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கெட்டிக்காரர்கள் சிலர் தாங்களாகவே வேலையை விட்டுப் போனார்கள். அதுவும் மிச்சம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலாளிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 'இப்போது தளத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்' என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. பதினோரு மணி வாக்கில், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவன் பெட்டி எடுக்கக் குளிர் அறைக்குள் போனான். தடித்த கோட்டுகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்திருந்தேன், அவனுக்குக் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

பேக்கிங் மேஜையில் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா, என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், குளிர் ரூம்ல தட்டற சத்தம் கேக்குது."

"உங்க வேலை என்னம்மா?"

"பேக்கிங் சார்."

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல சார். நெட்டையன்தான் உள்ள..."

"அப்ப இடத்தை விட்டு ஏன் வந்தீங்க?"

என்னைப் பார்த்தாள். திரும்பி மேஜையைப் பார்த்தாள். அங்கே ஒருத்தரும் தலை நிமிரவில்லை. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் பெயருக்கு நேரே அரைநாள் குறித்தேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளிர் அறை. எனக்கும் கேட்டது. முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. பத்து எட்டு வைத்தால் கதவு. ஆனால் நானே போய்த் திறந்தால், பாடுபட்டுக் கொண்டுவந்த ஒழுங்கு என்னாவது? நாளைக்கே மறுபடியும் ஒருத்தர் கதவருகே போய் நிற்பார். பொறுத்தால் தானாக அடங்கும் என்று இருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அடங்கிவிட்டது. கடிதத்தை முடித்து அனுப்பினேன். மாலையில் ஆட்களை எண்ணியபோது ஒருவன் குறைந்தான். அப்போதுதான் கதவைத் திறந்தோம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஐயா. அந்த மேஜையில் பதினாலு பேர் இருந்தார்கள். அவனோடு வருடக்கணக்காகப் பழகியவர்கள். அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. ஒருத்தருக்குக்கூட எழுந்து போய்க் கதவைத் திறக்கத் தோன்றவில்லை, பாருங்கள். மனுஷ ஜென்மங்களா அவர்கள்?