மச்சான் வண்டிக்குப் புது டப்பா

வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும், மேடம். பாதிப் பேர் பார்ப்பதில்லை. அந்தப் பாதிப் பேர் புண்ணியத்தில்தான் முப்பது வருடமாக என் பட்டறையில் விளக்கு எரிகிறது. உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்று தாளும் பேனாவும் தந்தீர்கள். இந்த மேசை மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பதால் தாள் பறக்கப் பார்க்கிறது. பரவாயில்லை, முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதுகிறேன். காப்பிக்கு நன்றி, சர்க்கரை அளவாக இருந்தது.

இறந்தவன் என் மனைவியின் தம்பி. எனக்கு மச்சான், என் மகளுக்கு மாமா. மலைமேல் இருக்கும் கடைகளுக்கு பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றிப் போவது அவன் தொழில். அவனைப் போலக் கலகலப்பான ஆளை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பட்டறைக்குள் கால் வைக்கும்போதே, "அத்தான், நீங்க இப்படி முறைச்சா வண்டி பயந்துபோய்த் தானா சரியாயிடும் போலிருக்கே" என்பான். நானும் சிரிப்பேன். எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது. அவன்மேல் எனக்குக் கோபம், பொறாமை எதுவும் கிடையாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

என் மகளுக்கு இருபத்துநாலு வயது. பட்டறையில் மின்சார வேலை முழுக்க அவள் கையில்தான். வயரிங் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் திருதிருவென்று விழிக்கும்போது, அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. வாட்ச்மேக்கருக்கு வரவேண்டிய விரல்கள் எனக்குப் பிறந்த பெண்ணுக்கு வந்திருக்கின்றன. நாள் முழுக்க ஒரே பெஞ்சில் வேலை, மதியம் அதே பெஞ்சில் சாப்பாடு. ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் மச்சான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "அத்தான், மலைமேல பேருக்குக்கூட ஒரு மெக்கானிக் இல்ல. நம்ம பொண்ணு அங்க வந்து ஒரு பட்டறை போட்டா ராணி மாதிரி இருப்பா. இடம்கூடப் பார்த்து வச்சிட்டேன்."

"நல்லதுதானே" என்றாள் என் மனைவி. "எத்தனை நாளைக்கு அப்பா முதுகுக்குப் பின்னாடியே நிப்பா?"

 மறுநாள் மகள் பெஞ்சில் உட்கார்ந்து, மலைப் பட்டறைக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும்போது பாட்டு வேறு. என் பெஞ்சில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. அது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டவில்லை. "ஜாக்கியை எழுத மறந்துட்டே" என்று எடுத்துக் கொடுத்தேன்.

சரி, கோளாறுக்கு வருவோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. எஞ்சினின் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு வைப்பது அதுதான். எப்போது இரண்டு சக்கரம், எப்போது நாலு என்று அதற்கு உத்தரவு போடுவது, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல் மாட்யூல். நாங்கள் டப்பா என்போம். மச்சான் வண்டியில் அந்த டப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. சூடேறினால், யாரும் கேட்காமலே அந்தப் பெட்டியை நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். அப்புறம் வண்டியை எந்தக் கியரில் போட்டு நிறுத்தினாலும் பிடிப்பு கிடையாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தையே அறுந்துவிடும்.

அரை மணி நேரத்தில் மகள் கண்டுபிடித்தாள். ஃபியூஸ் பார்த்தாள், வயர் பார்த்தாள், மோட்டார் பார்த்தாள். கடைசியில் ஷெட்டில் நின்ற இன்னொரு வண்டியின் டப்பாவைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தாள். கோளாறு போயே போச்சு.

"டப்பாதான்ப்பா. சூடானா உள்ள ஒரு ஜாயிண்ட் விட்டுடுது" என்றாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "புதுசு வர்ற வரைக்கும் ஹேண்ட்பிரேக் போடாம எங்கயும் நிறுத்தக் கூடாது" என்றாள்.

"நான் பொறந்ததுலேருந்து ஹேண்ட்பிரேக் தொட்டதில்ல. கியரே புடிச்சுக்கும்."

"தொடுங்க. இல்லேன்னா சாவியைத் தர மாட்டேன்."

அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதுபோல் நடித்தான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்தோஷமான குடும்பம் எங்களுடையது, மேடம்.

புது டப்பா புதன்கிழமை வந்தது. மகள் கையை நீட்டினாள். "இதை நான் பார்த்துக்கறேன்மா, உன் மாமாவுக்கு நான் செய்யற மரியாதையா இருக்கட்டும்" என்றேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். அடித்தட்டில் நாலு ஸ்க்ரூ. பிளக்கின் பூட்டை நகத்தால் நெம்பினால் டப்பா கைக்கு வந்துவிடும். புதுசை மாட்டிய பிறகு கம்ப்யூட்டரை இணைத்து, அதற்கு வண்டியை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறிமுகம் தேவைப்படவில்லை. டப்பாவும் வண்டியும் ஏற்கெனவே பழகியவர்கள்.

ஆமாம், பழைய டப்பாவைத்தான் திரும்ப மாட்டினேன். பெட்ரோலில் துடைத்ததும் அன்று பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. புதுசின்மேல் எண்ணெயும் தூசியும் தடவி, ஒரு மூலையை அரத்தால் லேசாகச் சீவினேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய சாமானைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவோம். மாற்றாமலே மாற்றினேன் என்கிற கடைகள் பெருகிவிட்டன. எங்கள்மேல் அப்படி ஒரு சொல் வரக் கூடாது. அந்த வழக்கப்படி மச்சான் கையில் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"விட்டுது சனியன்" என்று அதை சீட்டுக்கு அடியில் போட்டான். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். வண்டி கும்மென்று போனது. குளிர்ந்திருக்கும்போது அது தங்கமான டப்பா.

அவன் உயிருக்கு ஆபத்து வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மலைப்பாதையில் ஒரு தடவை வண்டி மக்கர் பண்ணினால், அந்த ஊர் சரிப்பட்டு வராது என்று மகளுக்கே புரியும் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை அவன் போகிற கடை செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. வண்டியை மேல்நோக்கி நிறுத்துவான். எஞ்சினை நிறுத்தினாலும், பாட்டு கேட்க வேண்டுமென்பதற்காகச் சாவியை முழுக்க ஆஃப் செய்ய மாட்டான், அதனால் டப்பாவுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அவன் வண்டிக்குப் பின்னால் நின்று மூட்டையை இறக்குவான். இருபது வருடமாக அப்படித்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய்.

அந்த வியாழக்கிழமை மகளும் இடம் பார்க்க அவனுடன் போவதாக இருந்தது. காலையில் அவளைப் பக்கத்து ஊருக்கு ஒரு பேரிங் வாங்க அனுப்பிவிட்டேன். பெற்றவன் நான்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

பின்னால் உருண்டு அவனை நசுக்கிய வண்டியைக் கண்டெடுத்தபோது ஹேண்ட்பிரேக் முழுக்க மேலே இழுத்திருந்தது, அது எப்படி என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மகள் மிரட்டிய நாளிலிருந்து அவன் ஒழுங்காக இழுத்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு வாரம் நானே கவனித்தேன். அதனால் புதன்கிழமை, வண்டி மேலே தூக்கியிருந்தபோதே, பிரேக் கேபிளின் நட்டையும் தளர்த்தி வைத்தேன். பிடியை இழுத்தால் டிக் டிக் என்று சத்தம் வரும். சக்கரத்தைப் பிடிக்காது. சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொண்டுதான் செத்தான், பாவம். அவனை நான் குறை சொல்லவே மாட்டேன்.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து, மாமாவின் சாமான்களை மகள் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொட்டலமும் அதில் இருந்தது. புது டப்பா போட்ட வண்டி எப்படி உருண்டது என்று அவளுக்கு மனசு ஆறவில்லை. பழசு என்று நான் கொடுத்ததைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஜாயிண்டெல்லாம் பளபளவென்று இருந்தன, சூடேறிய தடமே இல்லை. அதை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். வெளியே அழுக்குப் பூசியவனுக்கு உள்ளே பூசத் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். கழற்றிப் போட்ட சாமானைத் திறந்து பார்க்கிற மெக்கானிக் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? நீங்கள் அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

வெளியே போகும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நம்ம பட்டறை ராக்குலயே ரெண்டு பேரிங் இருந்துச்சுப்பா." குரலை உயர்த்தவே இல்லை. இத்தனை நடந்த பிறகும் மறக்காமல் அப்பா என்று கூப்பிட்டாள்.

மலைப் பட்டறைப் பேச்சு நின்றுபோனதில் எனக்கு நிம்மதிதான். எத்தனை வருடம் போட்டாலும் இருந்துவிட்டு வருகிறேன். சற்றுமுன் நீங்கள் சொன்னீர்கள், அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாள், விலாசம் தரவில்லை, பட்டறைச் சாவியை மட்டும் உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள் என்று. பார்த்தீர்களா, அப்பா வந்துதான் திறக்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.